ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் இளவேனில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் படிப்பு ஆறு ஆண்டுகள் நீள்கிறது. கல்வியாண்டும் இளவேனிலும் அங்கே ஒருசேரத் தொடங்குவதால், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வாரங்களில் வகுப்பறையின் சன்னலோரமும் பள்ளித் தோட்டமும் பாடப்புத்தகத்துக்கு இணையான இடத்தைப் பெறுகின்றன. அங்குள்ள அரசுப் பள்ளிகளின் இளவேனில்காலச் செயல்பாடுகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதற்குக் காரணம் என்ன?

காரணம் பூக்களில் இல்லை, கணக்கேட்டில் இருக்கிறது. 1886ஆம் ஆண்டு முதல் ஜப்பான் அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பள்ளிகளும் படிப்படியாக அதையே பின்பற்றின. ஓர் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி முதல் மறு ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வரை பிறந்த குழந்தைகள் ஒரே வகுப்பில் சேர்வார்கள். ஏப்ரல் 1இல் பிறந்த குழந்தை, மறுநாள் பிறந்த குழந்தையைவிட ஓராண்டு முன்னதாகவே பள்ளிக்குச் செல்வது பலருக்கு வியப்பளிக்கும். பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முடியும்போதே ஒரு வயது நிறைந்துவிடுகிறது என்னும் சட்டக் கணக்கீடே அதற்குக் காரணம்.

வரவுசெலவு வசதிக்காக ஏற்பட்ட இந்த வழக்கம் அறிவியல் பாடத்துக்கு எதிர்பாராத நன்மையாக அமைந்தது. விதைக்கும் பருவத்தில் தொடங்கும் வகுப்பு, பூவையும் காயையும் இலையுதிர்வையும் பனியையும் கடந்து, மரங்களில் மொட்டுகள் மீண்டும் பருக்கும் வேளையில் முடிகிறது. ஆகவே ஒரு செடியின் முழு வாழ்வையும் ஒரே ஆசிரியரிடம், ஒரே வகுப்பில் இருந்தபடி ஒரு குழந்தையால் பார்த்து முடிக்க முடிகிறது.

முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் தொடக்க வாரங்களில் என்ன செய்கிறார்கள்?

ஏப்ரல் மாதத்தின் முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் நுழைவு விழா நடைபெறும். அதற்கு மறுநாளே மொழியும் கணக்கும் முழு வேகத்தில் தொடங்கிவிடுவதில்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். விளையாட்டே நாளாக இருந்த மழலையர் பள்ளியிலிருந்து வரும் குழந்தைக்கு அது நீண்ட நேரம். எனவே பல பள்ளிகள் தொடக்கத்தில் அதை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, பாட்டு, கதை கேட்டல், பெயர் சொல்லி அறிமுகமாதல், வளாகத்தைச் சுற்றிப் பார்த்தல் ஆகியவற்றைக் கலந்து நடத்துகின்றன. 2017இல் திருத்தப்பட்டு 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேசியக் கலைத்திட்டம் இந்த ஏற்பாட்டை வலியுறுத்துகிறது.

வளாகத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு பெரும்பாலும் 2ஆம் வகுப்பு மாணவர்களுடையது. சென்ற ஆண்டு தாங்களே வழி தெரியாமல் நின்ற இடங்களை அவர்கள் இப்போது விளக்கிச் சொல்கிறார்கள். மதிய உணவு பரிமாறுவதிலும் வகுப்பறையைத் துப்புரவு செய்வதிலும் 6ஆம் வகுப்பு மாணவர்கள் வந்து உதவுகிறார்கள். இந்த இரண்டாவது ஏற்பாட்டில் ஆசிரியரின் சுமை குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் அதைவிடப் பெரிய பயன், பள்ளியில் தனக்குத் தெரிந்த ஒரு பெரிய அண்ணனோ அக்காவோ இருக்கிறார் என்ற நிம்மதி சிறு குழந்தைக்குக் கிடைப்பதுதான்.

முதல் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஒரே கொடியை வளர்ப்பது ஏன்?

1, 2ஆம் வகுப்புகளில் அறிவியலும் சமூகவியலும் தனிப் பாடங்களாக இல்லை. 1989ஆம் ஆண்டின் கலைத்திட்டத்தின்படி, 1992 முதல் அவற்றின் இடத்தில் 'வாழ்வியல்' என்று நாம் சொல்லத்தக்க ஒரு பாடம் நடத்தப்படுகிறது. அதற்கு ஆண்டுக்கு நூறு பாடவேளைகளுக்குச் சற்று அதிகமாகவே ஒதுக்கப்பட்டுள்ளது. செடி வளர்த்தல் அதன் முக்கியமான பகுதி. முதல் வகுப்புக்கு நாடெங்கும் பெரும்பாலான பள்ளிகள் தேர்ந்தெடுப்பது அசகாவோ என்னும் பூங்கொடி. நம் சர்க்கரைவள்ளிக் கொடியின் இனத்தைச் சேர்ந்த அது, புனல் வடிவில் ஊதா, நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் விடியற்காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும்.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் நல்ல நியாயங்கள் உள்ளன. விதை ஆறு வயதுக் குழந்தையின் விரல்களுக்குப் பிடிபடும் அளவில் இருக்கிறது. மே மாதத்தில் மண் சூடேறிய பின் விதைத்தால் விரைவில் முளைக்கிறது. முதலில் வெளிவரும் இரட்டை வித்திலைகளின் வடிவமும் அடுத்து வரும் இலையின் வடிவமும் வெவ்வேறாக இருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். கொடி பற்றிப் படரக் கொம்பு தேவைப்படும்போது, அதைத் தான் நட்டுக் கொடுக்காவிட்டால் கொடி தவிக்கும் என்பதும் புரியும். ஒவ்வொரு குழந்தைக்கும் தன் பெயர் எழுதிய தனித் தொட்டி உண்டு. காலையில் பள்ளிக்கு வந்ததும் நீர் ஊற்றுவது அவரவர் பொறுப்பு. உதிர்ந்த பூக்களைக் கசக்கிச் சாயநீர் எடுத்துத் தாளில் வண்ணம் தீட்டுவதும், காய்ந்த கொடியை வளையமாகச் சுற்றி அலங்காரம் செய்வதும் பின்னர் வரும். இலையுதிர்காலத்தில் சேர்த்த விதைகளை உறையிலிட்டு, அடுத்த ஏப்ரலில் வரப்போகும் புதிய குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் வழக்கமும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஒரு முன்னெச்சரிக்கை: அசகாவோ விதை பேதியை உண்டாக்கும். அதை வாயில் வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வகுப்பிலும் விதைதானா?

ஆம், ஆனால் இம்முறை உண்ணத்தக்கது. சிறு தக்காளி, கத்தரி, வெள்ளரி போன்றவற்றுள் தனக்கு வேண்டியதைக் குழந்தை தேர்ந்தெடுக்கிறது. முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே செடி. இரண்டாம் வகுப்பில் தேர்வும் அதன் விளைவும் அவரவருடையவை. இதே பருவத்தில் ஊரைச் சுற்றிப் பார்க்கும் நடையும் உண்டு. கடைக்காரர், நூலகர், தீயணைப்பு நிலையத்தார் ஆகியோரிடம் குழந்தைகள் கேள்வி கேட்டுக் குறித்து வருவார்கள். மே மாதத்தில், அன்றைய மதிய உணவுக்குத் தேவையான பச்சைப் பட்டாணியைக் கீழ்வகுப்புக் குழந்தைகளே உரித்துத் தரும் நாளும் பல பள்ளிகளில் வருகிறது.

மூன்றாம் வகுப்பில் பட்டாம்பூச்சி வளர்ப்பது எப்படி நடைபெறுகிறது?

அறிவியல் தனிப் பாடமாகத் தொடங்குவது 3ஆம் வகுப்பில். அதற்கு ஆண்டுக்கு 90 பாடவேளைகள். இளவேனிலின் நாயகன் முட்டைக்கோஸ் இலையில் முட்டையிடும் சிறு வெள்ளைப் பட்டாம்பூச்சி. ஆசிரியர்கள் முன்கூட்டியே பள்ளித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் நட்டுவைக்கிறார்கள். ஏப்ரல் பிற்பகுதியில் இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்தால், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயரத்தில், மஞ்சள் நிறத்தில், நிமிர்ந்து நிற்கும் முட்டைகள் ஒவ்வொன்றாக ஒட்டியிருப்பதைக் காணலாம். சில நாட்களில் வெளிவரும் புழு, முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். இதை நேரில் பார்த்த குழந்தை அதன் பின் ஒரு வாரத்துக்கு வேறெதையும் பேசாது.

புழு நான்கு முறை தோலுரித்துப் பெரிதாகி, பின்னர் கூட்டுப்புழுவாகிறது. வகுப்பில் காற்றோட்டமுள்ள பெட்டிகளில் ஈரத்தாள் சுற்றிய இலைகளை வைத்து வளர்க்கிறார்கள். எச்சத்தை அன்றாடம் அகற்றுவதும் இலை மாற்றுவதும் குழுவின் முறைப்பணி. புழுவைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது; அது இருக்கும் இலைத் துண்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். கடையில் வாங்கிய முட்டைக்கோஸைக் கொடுப்பதும் ஆபத்தானது. நம் உணவுக்குத் தீங்கில்லாத அளவில் எஞ்சியிருக்கும் பூச்சிமருந்துகூடப் புழுக்களைக் கொன்றுவிடும். ஒரே இரவில் பெட்டி முழுவதும் மடிந்து கிடப்பதற்கு அதுவே வழக்கமான காரணம்.

பட்டாம்பூச்சி வெளிவந்த பின், அதன் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக இருப்பதையும், ஆறு கால்களும் மார்பிலேயே அமைந்திருப்பதையும் குழந்தைகள் பார்த்து வரைகிறார்கள். எறும்பும் வெட்டுக்கிளியும் இதே அமைப்பில் இருக்கின்றனவா, சிலந்தி ஏன் இந்தக் கூட்டத்தில் சேராது என்ற ஒப்பீடு அதிலிருந்து பிறக்கிறது. 'பூச்சி' என்பதன் இலக்கணத்தை முதலில் எழுதிப்போட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளைப் பின்னர் காட்டும் முறையைவிட இது மெதுவானது, ஆனால் மறக்காது.

வளர்க்கும் புழுவிலிருந்து குளவி வந்தால் குழந்தைகளிடம் என்ன சொல்வது?

தோட்டத்திலிருந்து எடுத்துவந்த புழுக்களுக்கு இது அடிக்கடி நேரும். ஒரு வகைச் சிறு ஒட்டுண்ணிக் குளவி, இளம் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. நன்றாக வளர்ந்து கூட்டுப்புழுவாகப் போகிறது என்று எல்லோரும் காத்திருக்கும் வேளையில், அதன் தோலைத் துளைத்துக்கொண்டு பல சிறு புழுக்கள் வெளிவந்து, அருகிலேயே மஞ்சள் நிறக் கூடுகளைப் பின்னுகின்றன. குழந்தைகள் அழுவதுண்டு. பெட்டியை மறைத்து எடுத்துச்சென்றுவிட்டு, வேறு புழு கொண்டுவந்து வைக்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் இருப்பதே மேல். குளவியின் குஞ்சுகளுக்கு அந்தப் புழுதான் உணவு என்பதை எட்டு வயதுக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியும். அந்தக் குளவி இல்லாத தோட்டத்தில் முட்டைக்கோஸ் என்னவாகும் என்று அதே வகுப்பில் கேட்டால், விடை அவர்களிடமிருந்தே வரும். இத்தகைய இழப்பைத் தவிர்க்க விரும்பினால், புழுவாக அல்லாமல் முட்டையாகவே சேகரித்து வகுப்பறைக்குள் வளர்க்கலாம்.

ஆண்டுதோறும் விதை விதைப்பது சலிப்பை ஏற்படுத்தாதா?

செயல் ஒன்றாக இருந்தாலும் கேள்வி ஆண்டுதோறும் மாறுகிறது; இந்தக் கலைத்திட்டத்தின் சிறப்பே அதுதான் என்று கருதுகிறேன். முதல் வகுப்பில் கேள்வி 'என் செடி எப்படி இருக்கிறது?' என்பது. 3ஆம் வகுப்பில் சூரியகாந்தி, காசித்தும்பை போன்ற இரண்டு மூன்று செடிகளை அருகருகே வளர்த்து 'எதில் ஒத்திருக்கின்றன, எதில் வேறுபடுகின்றன?' என்று கேட்கிறார்கள். நம் வீட்டு முற்றங்களில் வளரும், தொட்டால் காய் வெடித்து விதை தெறிக்கும் அதே காசித்தும்பை, தெற்காசியாவிலிருந்து சென்று அங்கே பாடப்புத்தகச் செடியாகியிருக்கிறது. 4ஆம் வகுப்பில் 'வளர்ச்சிக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு?' என்றும், 5ஆம் வகுப்பில் 'எது இல்லாவிட்டால் முளைக்காது?' என்றும் கேள்வி கூர்மையடைகிறது.

நான்காம் வகுப்பின் பணி நுரைப்பீர்க்கைச் சார்ந்தது. நம் பீர்க்கின் உறவினமான இந்தக் கொடியை இளவேனிலில் விதைத்து, அதன் நீளத்தை அளந்து, அதே நேரத்தில் காற்றின் வெப்பநிலையையும் குறித்து, குளிர்காலத்தில் அது வாடி விதை மட்டும் எஞ்சும் வரை தொடர்கிறார்கள். வளாகத்திலுள்ள சகுரா என்னும் செர்ரிப்பூ மரத்தின் ஒரு கிளையையும் நான்கு பருவங்களிலும் பார்த்து வரைகிறார்கள். அறிவியலில் பொறுமை தேவைப்படும் ஆண்டு இது. ஏப்ரலில் எழுதிய குறிப்பின் பொருள் டிசம்பரில்தான் தெரியும். ஆகவே முதல் குறிப்பில் தேதியும் அளவும் விடுபட்டிருந்தால் பின்னர் திருத்த வழியில்லை.

ஐந்தாம் வகுப்பின் முளைப்புச் சோதனையில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் எது?

குளிர்பதனப் பெட்டி. ராஜ்மா இனத்துப் பீன்ஸ் விதைகளைக் கொண்டு, முளைப்பதற்கு நீர், காற்று, ஏற்ற வெப்பநிலை ஆகிய மூன்றும் தேவை என்பதை ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். ஈரப்பஞ்சின் மேல் ஒரு விதை, உலர்ந்த பஞ்சின் மேல் ஒரு விதை என்று வைத்தால் நீரின் தேவை தெரிந்துவிடும். நீரில் முழுதாக மூழ்கவைத்த விதையை ஈரப்பஞ்சின் விதையோடு ஒப்பிட்டால் காற்றின் தேவை தெரியும். வெப்பநிலைக்காக ஒரு தட்டைக் குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் மற்றொன்றைச் சன்னலோரத்திலும் வைக்கிறார்கள். உள்ளே இருந்தது முளைக்கவில்லை. குளிர்தான் காரணம் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். ஆனால் கதவை மூடியதும் உள்ளே இருள் சூழ்ந்துவிடுவதால், அங்கே மாறியவை இரண்டு. வெளியே வைத்த தட்டையும் பெட்டியால் மூடி இருட்டாக்கினால்தான் ஒப்பீடு நேர்மையானதாகும். இதை ஆசிரியர் சொல்லித் தருவதைவிட, 'வேறு ஏதேனும் மாறியிருக்கிறதா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது. பத்து வயதுக் குழந்தைகள் கூட்டாக யோசித்து அதைப் பிடித்துவிடுவார்கள்.

முளைத்த பின், வித்திலையை வெட்டி அயோடின் கரைசல் இடுகிறார்கள். முளைக்கும் முன் கருநீலமாக மாறிய பகுதி, நாற்று வளர்ந்த பின் பெரும்பாலும் நிறம் மாறாமல் நிற்பதைக் கண்டு, சேமித்த மாவுப்பொருள் செலவாகிவிட்டது என்று அறிகிறார்கள். இதே அயோடின் 6ஆம் வகுப்பில் உருளைக்கிழங்கு இலைகளுக்குத் திரும்ப வருகிறது. அலுமினியத் தாளால் மூடிவைத்த இலையையும் வெயில் பட்ட இலையையும் சோதித்து, மாவுப்பொருள் உருவாவதற்கு ஒளி வேண்டும் என்று உறுதி செய்கிறார்கள்.

வகுப்பறையில் வளர்க்கும் மெதகா மீன்களை ஆற்றில் விடலாமா?

விடக் கூடாது. 5ஆம் வகுப்பில் கருவளர்ச்சியைக் காண வளர்க்கப்படும் இந்தச் சிறு மீன்கள் பெரும்பாலும் ஆரஞ்சு நிறமுள்ள வளர்ப்பு வகை. காட்டு மெதகா, நீர்நிலைகளின் மாற்றத்தால் அருகிவரும் இனமாகிவிட்டது. ஒவ்வோர் ஆற்றுப்படுகையிலும் அதன் மரபும் வேறுபடுகிறது. அன்புடன் விடப்படும் வளர்ப்பு மீன் அந்த மரபைக் கலைத்துவிடும். மற்றபடி, முதுகுத் துடுப்பில் பிளவு இருப்பது ஆண் என்று பிரித்தறிவதும், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 11 நாட்களில் பொரியும் முட்டைக்குள் கண்ணும் துடிக்கும் இதயமும் தோன்றுவதை நுண்ணோக்கியில் காண்பதும் இந்த ஆண்டின் மிக நல்ல அனுபவங்கள்.

கைக்கணினி வந்த பிறகும் பார்த்து வரையும் அட்டை தேவையா?

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணினி என்னும் அரசுத் திட்டத்தால், 2021 வாக்கில் பெரும்பாலான பள்ளிகளில் கைக்கணினிகள் வந்துவிட்டன. முளைவிடும் காட்சியைத் தொடர்படமாக எடுப்பதற்கும், ஏப்ரல் படத்தையும் ஜூன் படத்தையும் அருகருகே வைப்பதற்கும் அவை ஈடற்றவை. ஆயினும் படம் பிடித்த குழந்தை பார்த்திருக்கும் என்று கொள்ள முடியாது. இலையின் விளிம்பு ரம்பம் போன்றதா, தண்டில் மயிர் உண்டா, இலைகள் எதிரெதிராகவா மாறிமாறியா வந்துள்ளன என்பவை பென்சில் அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் கேள்வியாகின்றன. பார்த்து வரையும் அட்டையில் தேதி, வானிலை, வெப்பநிலை, படம், தொட்டும் முகர்ந்தும் அறிந்தவை ஆகியன இடம்பெறும். அழகாக வரைவதற்கு மதிப்பெண் தரத் தொடங்கினால் அட்டையின் பயன் கெட்டுவிடும். எத்தனை இலை என்று எண்ணி வரைந்த கோணல் படம் மேலானது.

சகுரா உண்மையிலேயே நுழைவு விழா நாளில் பூக்கிறதா?

அஞ்சலட்டைகளில் மட்டும் தவறாமல் பூக்கிறது. டோக்கியோவில் 1991 முதல் 2020 வரையிலான ஆண்டுகளின் சராசரிப்படி பூப்பு தொடங்கும் நாள் மார்ச் 24. ஒரு வாரத்தில் முழுவதும் மலர்ந்து, ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். அதனால் தலைநகர்ப் பகுதியில் அது இப்போது நுழைவு விழாவைவிட மார்ச் மாதப் பட்டமளிப்புக்கே நெருங்கியுள்ளது. வடக்கே சப்போரோவில் மே மாதத் தொடக்கத்தில் பூக்கிறது; தெற்குத் தீவான ஒகினாவாவில் வேறொரு வகை ஜனவரியிலேயே பூக்கத் தொடங்கிவிடும். எங்கும் நடப்பட்டுள்ள சோமெய்-யோஷினோ வகைச் சகுரா மரங்கள் ஒட்டுப்போட்டுப் பெருக்கப்பட்ட ஒரே மரபுடையவை என்பதால், ஓர் ஊரில் எல்லா மரங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே மலர்கின்றன. ஜப்பான் வானிலை முகமை 1953 முதல் பூப்பு நாட்களைப் பதிவுசெய்து வருகிறது. விலங்குகள் உட்பட 57 வகைகளைக் கவனித்துவந்த அது, 2021இல் ஆறு தாவரங்களோடு நிறுத்திக்கொண்டது. வானம்பாடியின் முதல் குரலையும் முதல் வெள்ளைப் பட்டாம்பூச்சியையும் குறித்துவைக்கும் வேலை இனி 3, 4ஆம் வகுப்புகளுக்கே மிச்சம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஏப்ரலில் பனி கிடக்கும்போது இந்தப் பாடங்கள் எப்படி நடக்கும்?

அங்கே வரிசையை மாற்றிக்கொள்கிறார்கள். உயிரினப் பாடங்கள் மே, ஜூன் மாதங்களுக்குத் தள்ளிப்போகும். தட்பவெப்பம் சாராத பாடங்கள் முன்னுக்கு வரும்.

வகுப்பறைக்கு வெளியே வேறு என்ன நிகழ்ச்சிகள் உண்டு?

பெற்றோர் வகுப்பைப் பார்வையிடும் நாள், நடைப் பயணம், ஜூன் 30க்குள் முடிக்க வேண்டிய உடல்நலப் பரிசோதனை ஆகியவை இப்பருவத்தில் வரும். 6ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஏப்ரலில் தேசியக் கற்றல் நிலைத் தேர்வும் உண்டு. விளையாட்டு விழா முன்பெல்லாம் இலையுதிர்காலத்தில் நடந்தது. செப்டம்பர் வெப்பத்துக்கு அஞ்சிப் பல பள்ளிகள் அதை மே மாதத்துக்கு மாற்றிவிட்டன. மே 5 குழந்தைகள் நாள் என்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் தாளாலும் துணியாலும் கெண்டை மீன் வடிவில் காற்றில் பறக்கும் கொடிகளைச் செய்து தொங்கவிடுகிறார்கள்.

ஜப்பானில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பம் எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. ஆனால் பெற்றோர் விரும்பினால் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். கல்விக் கட்டணமும் பாடநூல் விலையும் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் தாமாகச் சென்று விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. முதுகுப்பை, பள்ளிக்குள் அணியும் காலணி, விளையாட்டு உடை ஆகியவற்றோடு கணக்குப் பெட்டி ஒன்றும் வாங்க நேரும். அதிலுள்ள சின்னஞ்சிறு எண்ணுகாய்கள் ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயர் ஒட்டப்பட வேண்டும் என்பதால், அந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிவையுங்கள். சைவ உணவுக் குடும்பத்தார், மதிய உணவின் சாற்றிலும் குழம்பிலும் மீன் கலந்திருக்கும் என்பதை அறிந்து, வீட்டிலிருந்து உணவு கொடுத்தனுப்ப இயலுமா என்று சேர்க்கையின்போதே ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இறுதியாக அசகாவோ தொட்டியைப் பற்றி ஒரு சொல். கோடை விடுமுறைக்கு முன் அது வீட்டுக்கு வந்துவிடும். மண்ணும் கொம்புமாக அதைத் தூக்கிச் செல்வது ஆறு வயதுக் குழந்தையால் ஆகாத காரியம் என்பதால், பெற்றோரை வந்து எடுத்துச்செல்லும்படி பல பள்ளிகள் ஜூலையில் அறிவிப்பு அனுப்புகின்றன. கொடியை ஒரு பெரிய பையால் மூடி, தொட்டியை மிதிவண்டியின் முன்கூடையில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். விடுமுறையில் ஊருக்கு வருவதாக இருந்தால், அந்த வாரங்களில் நீர் ஊற்ற ஓர் அண்டை வீட்டாரை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் விதைகளைப் பற்றிய கேள்வி நிச்சயம் வரும்.